மைக்கைத் தள்ளி வையுங்கள்

வணக்கம்.

டாக் டாக் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'லாஃபிங் ஸ்டாக்' ஆல்பத்தை இப்போதுதான் கேட்டேன். தொடக்கத்தில் பதினைந்து நொடி வெறும் இரைச்சல். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று மறுபடி டவுன்லோட் செய்தேன். புதிதாகக் கேட்பவர்கள் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்? 'ஆஃப்டர் தி ஃப்ளட்' (வெள்ளத்துக்குப் பின்), 'நியூ கிராஸ்' (புதுப்புல்) என்ற தலைப்புகள் நம் டெல்டாவுக்கே வைத்தவை போல இல்லையா? இதைக் கேட்ட வேகத்தில் நண்பர்கள் ஒரு அறையில் ட்ரம்ஸுக்கு ஆறு மைக் வைத்துப் பதிவு செய்தோம். தகரத்தைத் தட்டியது போல வருகிறது.

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

ஃபைல் கெடவில்லை. அது ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல், வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். டெல்டா பேச்சு வேண்டாம். வெள்ளம் என்ற சொல்லைக் கண்டதும் கொள்ளிடத்தை இழுத்து வராதீர்கள். குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸின் வரிகளில் இருப்பது பைபிள்.

1991 செப்டம்பரில் வந்த ஆல்பம். அதே மாதம் அமெரிக்க ராக் குழு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது, உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. போகட்டும். கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, ஆறு மைக், அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒலி ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ட்ரம்ஸில் விழும் ஒரே தட்டு ஆறு மைக்குக்கும் ஆறு நேரத்தில் போய்ச் சேர்கிறது. கலக்கும்போது ஒன்றை ஒன்று தின்கிறது, தாழ்ந்த ஒலியின் கனம் போய்த் தகரம் மிஞ்சுகிறது. லண்டன் வெஸெக்ஸ் ஸ்டுடியோவில் லீ ஹாரிஸின் ட்ரம்ஸுக்கு மைக்கைத் தள்ளி வைத்தார்கள். 'நியூ கிராஸ்' ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடியும் அந்தத் தாளம் காதை உறுத்தாததற்குக் காரணம், இடையில் இருக்கும் காற்று.

நம் ஊரிலும் இதே அநியாயம்தான். தவிலின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், மைக்கை ஒட்டுகிறார்கள். கூடு போட்ட விரலின் டக்டக் மட்டும் கேட்கிறது, இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் எங்கோ போகிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகஸ்வரம், தெருவடைக்கக் கேட்க வேண்டிய வாத்தியம். அதன் அணசுக்குள், அடியில் விரிந்த வாய்க்குள், மைக்கைச் சொருகுகிறார்கள்! விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஐந்து மைக்கைக் கழற்றுங்கள். நண்பர் வாசிக்கட்டும். நீங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எட்டுப் பத்து அடி தள்ளி நடந்து பாருங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்நேர் (கையால் அடிக்கும் சின்ன ட்ரம்), சிம்பல் (உலோகத் தட்டு) மூன்றும் சமமாகக் கேட்கும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை நிறுத்துங்கள். தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. அதனால் முதலில் கை தட்டிப் பாருங்கள். சுவர் 'ட்ர்ர்' என்று பதில் சொன்னால் கனமான மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். கோரைப்பாய் போதாது. ஃபேனை நிறுத்துங்கள். சிம்பல் மீறினால் மைக்கைத் திருகாதீர்கள், வாசிப்பவரை மெல்ல அடிக்கச் சொல்லுங்கள். சமன் செய்வது அவர் கையின் வேலை.

பதிவு சரியாக வந்தால் அனுப்புங்கள், ஆசையாகக் கேட்பேன்.

எந்தப் பாட்டிலிருந்து என்று கேட்டீர்கள் அல்லவா? முதல் பாட்டிலிருந்துதான். இரண்டாவது பாட்டு 'அசென்ஷன் டே' அரிவாளால் வெட்டியது போல நிற்கும். மறுபடி டவுன்லோட் செய்யாதீர்கள்.