அந்தப் பட்டப்பெயரை வைத்தது யார்?

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கணக்குப் பாடம் நடக்கும்போது சிரித்துவிட்டான் என்பதற்காக, ஆசிரியை 46 பிள்ளைகள் முன்னிலையில் ‘உனக்கெல்லாம் படிப்பு ஒரு கேடா?’ என்று கேட்டு, அந்தப் பீரியட் முடியும்வரை வராந்தாவில் நிற்கவைத்திருக்கிறார். அவர் எப்போதும் கத்துபவர்தான். வீட்டில் அவருக்கு ‘குக்கர் விசில்’ என்றே பெயர். இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் அவரைப்போலவே பேசிக்காட்டினால் பையனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும். முதல்வரிடம் புகார் கொடுப்பதா, பள்ளியையே மாற்றிவிடுவதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி.

பதில்: அந்த ஆசிரியை கேட்டது தவறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. அவர் சொன்ன சொற்களை அப்படியே, தேதியிட்டு எழுதி முதல்வரிடம் கொடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் யோசிப்பது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்தக் குக்கர் விசிலைப் பற்றி. பையன் எதற்காகச் சிரித்தான் என்று அவனிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா அம்மா? ஆசிரியை குரலை உயர்த்திய அந்த நொடியில் அவனுக்குக் கரும்பலகை தெரிந்திருக்காது. முந்தைய இரவு சாம்பார்க் கரண்டியைப் பிரம்புபோல் பிடித்துக்கொண்டு அதே குரலில் கத்திக்காட்டிய அப்பாதான் தெரிந்திருப்பார். உங்கள் வீட்டில் பாராட்டு வாங்கித் தந்த சிரிப்பு, வகுப்பில் அவனை வராந்தாவுக்கு அனுப்பியிருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை யார் சொல்லித் தந்திருக்க வேண்டும்?

ஓர் ஆசிரியரைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை வந்து சொன்னால் அதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்பது பெற்றவர்களின் கடமை. அவனோடு சேர்ந்துகொண்டு கெக்கலிப்பது அந்தக் கடமையைக் கைவிடுவதாகும். அன்றாடம் ஆறேழு மணிநேரம் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கிறீர்களோ, அவரை மூன்று பேருமாகச் சேர்ந்து கோமாளியாக்கிவிட்டு, அவர் வாயிலிருந்து அல்ஜீப்ரா மட்டும் அவன் தலையில் ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று. அதே சட்டத்தின் அட்டவணை, ஆறிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகனின் வகுப்பில் 46 பேர். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமானால் அந்தப் பெண்மணி எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்கும் என்று, அவரைப்போல் பேசிக்காட்டிய உங்கள் கணவர் எண்ணிப் பார்த்தாரா? முதல்வரைப் பார்க்கும்போது இதையும் கேளுங்கள்.

பள்ளியை மாற்ற வேண்டாம். புதிய பள்ளியிலும் ஒரு கணக்கு ஆசிரியை இருப்பார். ஒரே மாதத்தில் அவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பீர்கள்.

இன்றிரவு, அதே சாப்பாட்டு மேசையில், ‘நான் செய்தது தப்பு’ என்று உங்கள் கணவர் மகனிடம் சொல்லட்டும். பிறகு மூவரும் பள்ளிக்குப் போங்கள். பையன் சிரித்ததற்காக ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்கட்டும். அவர் சொன்ன சொல்லுக்கான புகாரையும் அன்றே கொடுங்கள். ஆபீஸ் வேலை இருக்கிறது என்று உங்களை மட்டும் அனுப்பிவைக்க உங்கள் கணவருக்கு உரிமை இல்லை. கரண்டியைப் பிடித்து நடித்தவர் அவர்.