அந்த 80 உங்கள் கணக்கு அல்ல

கேள்வி: எனக்கு 27 வயது. நான் நான்காவது படிக்கும்போது அம்மாவுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறார். "மாமியார் படுத்திய பாடு" என்பது அம்மாச்சி சொல்லும் காரணம். "அவங்க வீட்டு ரத்தமே அப்படி" என்பார் அத்தை. இந்த நோய் 80 சதவீதம் பரம்பரை என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன வாரம் கண் அயரும் நேரத்தில் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. வரன் அமைந்திருக்கிறது. விஷயத்தை மறைத்துவிட்டு, நிச்சயத்தன்று அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டுவிடலாம் என்கிறார் அத்தை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த 80-ஐ இறக்கி வையுங்கள். ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, பலருக்கு வருவதில்லை. அந்த வித்தியாசத்தில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்று இரட்டையர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. தனி ஒருவருக்கு வருமா என்பதை அது சொல்லாது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் இந்த நோய், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு வருகிறது. மற்ற தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவாகத்தான்.

ரத்தமா, மாமியாரா? இதற்கென்று தனி மரபணு ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கானவை ஆளுக்கொரு சிட்டிகை போடுகின்றன. பின்லாந்தில், இந்த நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து வேறு வீடுகளுக்குத் தத்துப்போன பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சண்டையும் குழப்பமுமான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அமைதியான வீடுகளில் அதே ரத்தம் பெரிதாக வம்பு செய்யவில்லை. அதற்காக உங்கள் அப்பத்தாவைக் கூண்டில் ஏற்றவும் முடியாது. கொடுமைக்கார மாமியார் வாய்த்த எத்தனையோ பேர் இந்த நோய் இல்லாமல்தான் இருக்கிறார்கள். அம்மாவுக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் ஆகாது.

கண் அயரும்போது பேர் கேட்பது நலமாக இருக்கும் பலருக்கும் நடப்பது. நன்றாக விழித்திருக்கும்போது குரல் கேட்டால், எல்லோர் மீதும் சந்தேகம் வந்தால், வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பயமே தூங்கவிடவில்லை என்றாலும் போகலாம், தப்பில்லை. 14416-இல், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் ஆலோசகர்கள் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். நாளை கர்ப்பமானால், அம்மாவின் நோயை மகப்பேறு மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. (சர்க்கரை நோய் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அதற்கு யாரும் வரனைத் தட்டிக்கழிப்பதில்லை!) தட்டு மாற்றுவதற்கு முன்பே மாப்பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அத்தையைத் தூது அனுப்ப வேண்டாம். "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்கிறாரா, "வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது கேள்விதான் முதலில் வருகிறதென்றால், நிச்சயத் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போடுவேன் நான்.

நிச்சயத்தன்று அம்மா பட்டுப்புடவையோடு கூடத்தில் உட்காரட்டும். கூட்டத்தில் தூங்கி வழியாமலிருக்க மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மட்டும் அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.