பழைய துணி மூட்டை எங்கே போகிறது? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அலமாரியைக் காலி செய்வது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒன்றுகூட அலமாரியைப் பற்றியது இல்லை, எல்லாமே அங்கிருந்து வெளியே போன துணியைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: துணி சேகரிக்கும் பெட்டியில் இரண்டு மூட்டை போட்டேன். இல்லாதவர்களுக்குப் போகும் என்று நினைத்துத்தான் துவைத்து மடித்துப் போட்டேன். "அதெல்லாம் விற்றுவிடுவார்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது உண்மை?

இரண்டுமே நடக்கிறது, ஆனால் பெரும்பகுதி விற்பனைக்குத்தான் போகிறது. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. பெட்டியைக் காலி செய்ய வண்டி வேண்டும், கிடங்குக்கு வாடகை, பிரிப்பவர்களுக்குச் சம்பளம், இத்தனைக்கும் காசு அந்த மூட்டையிலிருந்தேதான் வந்தாக வேண்டும். பெட்டியில் தொண்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பல இடங்களில் துணியை எடுத்துப் போவது வியாபாரிதான். எடைக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார். மறைத்தால்தான் தப்பு. பெட்டியின் மேலே அதை எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

தரம் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் அரை நாள் நின்று பார்த்திருக்கிறேன். பெல்ட்டில் துணி நகர்ந்து வருகிறது, இரண்டு பக்கமும் ஆட்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா ஒரு சட்டையை எடுத்தால் முதலில் காலரின் உள்பக்கம், அப்புறம் அக்குள், அவ்வளவுதான், சட்டை ஏதாவது ஒரு தொட்டிக்குள் போய்விடும். ஜீன்ஸ் என்றால் தொடை இடுக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், துணி தேய்ந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியுமாம். ஒரு துணிக்கு மூன்று விநாடி இருக்கும். இரண்டு கறுப்பு ஸ்வெட்டரை என் கையில் கொடுத்து எது கம்பளி என்று கேட்டார், நான் தப்பாகச் சொன்னேன். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை உருட்டி, கசக்கி விட்டுப் பார்த்தார். கம்பளி நிமிர்ந்துகொண்டது, செயற்கை இழையான அக்ரிலிக் சோம்பலாகக் கிடந்தது. மேசையடியில் ஒரு தகர டப்பா வைத்திருந்தார், பைகளில் மறந்துபோனவை அதில் சேரும். பாதிக்கு மேல் சாவிகள். (அன்றிலிருந்து நான் கொடுக்கும் துணியின் பைகளை இருமுறை பார்க்கிறேன்.)

நல்ல நிலையில் இருப்பவை, கடையில் தொங்கவிட்டாலே விலைபோகக்கூடியவை, ஒரு பக்கம் போகும். அளவில் அது கொஞ்சம்தான், ஆனால் கிடங்கு ஓடுவது அந்தக் கொஞ்சத்தை நம்பி. அடுத்து, உடுத்தலாம் ஆனால் பழசு என்பவற்றை ஆண் சட்டை, பெண் மேல்சட்டை, குழந்தைத் துணி என்று ரகம் ரகமாகப் பிரித்து அழுத்திக் கட்டுவார்கள். 45 முதல் 55 கிலோ வரை எடையுள்ள பேல்களாக அவை ஏற்றுமதியாகும். உடுத்த முடியாத பருத்தியைப் பொத்தான், ஜிப் நீக்கி வெட்டினால் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணி. அதற்கும் ஆகாதது கிழிக்கும் இயந்திரத்துக்குப் போய் மெத்தைக்குள்ளும் கார் கதவுக்குள்ளும் அடைக்கிற பஞ்சாகிறது. எதற்குமே தேறாதது குப்பை, அதைக் கழிக்கக் கிடங்குதான் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: கிழிந்தது, கறை பட்டது எல்லாம் போடலாமா?

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஒவ்வோர் இடத்திலும் விதி வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியாகச் சேகரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, அதனால் கந்தலும் வாங்கும் பெட்டிகள் அங்கே உண்டு. பல ஊர்களில் உடுத்தக்கூடியதை மட்டும்தான் கேட்கிறார்கள்.

எங்கே போட்டாலும் ஈரம் மட்டும் கூடாது. கிழிசல் பரவாயில்லை, பொத்தான் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அரைகுறையாகக் காய்ந்த ஒரே ஒரு துண்டு போதும், பெட்டிக்குள் கிடக்கும் சில நாளில் பூஞ்சணம் பிடித்து உங்கள் மூட்டையை மட்டுமல்ல, அடுத்தவர் போட்டதையும் கெடுத்துவிடும். இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டு, ஏனென்றால் அப்படிப்பட்ட துண்டு ஒன்றைப் போட்டவன் நான். பெயின்ட், டீசல், கிரீஸ் பட்டதும் வேண்டாம். மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டுங்கள். செருப்பு, ஷூ என்றால் ஜோடியைச் சேர்த்துக் கட்டுங்கள். பிரிந்துபோன ஒற்றைச் செருப்பை யாரும் தேடி எடுத்துச் சேர்க்கப்போவதில்லை.

கேள்வி: என் பழைய பருத்தி டி-ஷர்ட்டை மறுபடியும் டி-ஷர்ட் ஆக்க முடியாதா? கடையில் 'மறுசுழற்சி' என்று லேபிள் போட்ட சட்டைகள் நிறையத் தொங்குகின்றனவே?

முடியும், ஆனால் நடப்பது மிக அரிது. உடை தயாரிக்கச் செலவாகும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மறுபடி உடையாகத் திரும்புகிறது என்று எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்குச் சொன்னது.

காரணம் இழையின் நீளம். டி-ஷர்ட்டைத் துண்டுகளாக வெட்டி, முள் பதித்த உருளைகளுக்கு நடுவே விட்டால் அது கிழிந்து, நூலாகப் பிரிந்து, கடைசியில் பஞ்சாக வெளியே வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கொஞ்சம் எடுத்து விரலால் இழுத்துப் பாருங்கள், இழைகள் எல்லாம் குட்டை குட்டையாக அறுந்திருக்கும். முறுக்கும்போது இழைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால்தான் நூல் நிற்கிறது, குட்டை இழைக்குப் பிடிக்க இடம் போதாது, நழுவிவிடும். அதனால் புதுப் பருத்தியோ பாலியெஸ்டரோ கலந்து, தடித்த நூலாகத்தான் நூற்கிறார்கள். பெரும்பாலும் தரைவிரிப்பு, போர்வை, கையுறை, மாப்பு என்று போய்விடும். இதில் பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே நூலுக்குள் கலந்திருந்தால் கிழித்துப் பிரிக்க வழியே இல்லை, கொஞ்சம் எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடும் இழை) சேர்ந்திருந்தாலோ அது இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். தையல் ஆலையில் வெட்டும்போது விழும் புதுத் துண்டுகளை மறுசுழற்சிக்காரர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்று இப்போது புரியும். என்ன துணி, என்ன நிறம் என்பது அங்கே கேட்காமலே தெரியும்.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். 'மறுசுழற்சி பாலியெஸ்டர்' என்றால் அனேகமாக அது தண்ணீர், குளிர்பான பாட்டில்களை உருக்கி இழுத்த இழை, பழைய சட்டை அல்ல. பொய் சொல்லவில்லை, சரிதான். ஆனால் பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம். சட்டையாக்கிவிட்டால் அநேகமாக அதோடு முடிந்தது கதை. எனக்கு இது பெருமைப்படும் விஷயமாகத் தோன்றவில்லை.

கம்பளியின் கதை வேறு, அதற்கு 200 வருஷத்துக்கும் மேல் வயது. இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர் 1813-இல் கம்பளிக் கந்தலைக் கிழித்துப் புதுக் கம்பளி கலந்து நூற்றார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். பிற்பாடு ஆங்கிலத்தில் மட்டமான எதற்கும் அதுவே பெயராகிவிட்டது, பாவம். தொழில் சாகவில்லை. இத்தாலியின் பிராட்டோவில் இன்றும் கம்பளிக் கந்தலை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள், சிவப்புக் கந்தலிலிருந்து சிவப்பு நூல் வந்துவிடுவதால் மறுபடி சாயம் போடும் வேலை மிச்சம். இந்தியாவில் பானிபட் இதற்குப் பேர்போனது, பேரிடர்களில் நிவாரணமாகக் கொடுக்கும் போர்வைகளில் ஏராளமானவை அங்கே பழைய ஸ்வெட்டர்களாக வந்தவைதான். உடுப்பாக விற்றுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஸ்வெட்டர்களைக் கத்தரித்துத்தான் இறக்குமதி செய்வார்கள். இப்போது அந்தப் போர்வைக்கும் மலிவான புதுப் பாலியெஸ்டர் போர்வை போட்டியாக வந்துவிட்டது.

கிழிப்பதற்குப் பதில் ரசாயனத்தில் கரைக்கலாம். பருத்தியைக் கூழாக்கி விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) மாதிரி இழையாக இழுப்பார்கள், அப்போது பழைய இழையின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்வீடனின் ரினியூசெல் நிறுவனம் இதைப் பெரிய ஆலையாகவே கட்டி ஓட்டியது, 2024 பிப்ரவரியில் திவாலானது. கூழ் நன்றாகத்தான் வந்தது, எதிர்பார்த்த அளவுக்கு வாங்க ஆள் வரவில்லை. அப்புறம் வேறு கை மாறியது.

கேள்வி: தரம் பிரிப்பதை இயந்திரமே செய்யக் கூடாதா?

பாதி செய்கிறது. துணிமேல் அகச்சிவப்புக் கதிரை அடித்துத் திரும்பி வருவதைப் பார்த்து இது பருத்தி, இது பாலியெஸ்டர் என்று சொல்லும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஸ்வீடனின் மால்மோவில் 2020-இல் அப்படி ஒரு பெரிய ஆலையே திறந்தார்கள். கறுப்புத் துணி வந்தால் கதிரை விழுங்கிவிடுவதால் தடுமாறும். உள்துணி வைத்துத் தைத்த கோட்டில் மேல்துணியை மட்டும்தான் பார்க்கும். அதைவிட, என்ன இழை என்று அதற்குத் தெரியுமே தவிர, இதை யாராவது ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்வார்களா என்று தெரியாது. அதற்கு அந்த அம்மாதான் வேண்டும்.

கேள்வி: நாம் கழித்துக் கட்டியதை ஆப்பிரிக்காவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று படித்தேன். கொடுக்காமலே இருந்துவிடலாமா?

'கொட்டுகிறார்கள்' என்பது முழுக் கதை இல்லை. அங்கே வியாபாரிகள் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். கென்யாவில் இந்தத் துணிக்கு 'மிதும்பா' என்று பெயர், மூட்டைகள் என்று அர்த்தம். சாம்பியாவில் 'சலாவுலா', குவியலைக் கிளறிப் பொறுக்குவது. கானாவில் 'ஒப்ரோனி வாவு', செத்த வெள்ளைக்காரனின் துணி. உயிரோடு இருப்பவன் இவ்வளவையும் தூக்கிக் கொடுப்பானா என்ற நியாயமான சந்தேகத்தில் வந்த பெயர்.

கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கன்டமான்டோ சந்தையில் பேலை வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே ரகம் மட்டும்தான் எழுதியிருக்கும், பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். பேலைப் பிரிக்கும் நிமிஷத்தில் லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். நல்ல பேல் என்றால் அதைச் சுற்றித் துவைப்பவர், தேய்ப்பவர், அளவு குறைத்துத் தைப்பவர் என்று பலருக்குப் பிழைப்பு. அக்குள் கறையும் சாயம்போன பனியனுமாக இருந்தால் கடன் அவர் தலையில், துணி சாக்கடையிலும் கடற்கரையிலும். 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் போனது, அதிலிருந்தும் எழுந்து வியாபாரம் செய்கிறார்கள்.

உள்ளூர்த் தையல் தொழில் நசுங்குகிறது என்ற புகாரும் உண்மைதான். ருவாண்டா 2016-இல் பழைய துணிக்கு வரியை ஏகமாக ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்கா 2018-இல் அந்த நாட்டு ஆடைகளுக்கு இருந்த வரிச்சலுகையை நிறுத்தியது. பழந்துணிக்காக இவ்வளவு பெரிய சண்டை. என் அபிப்பிராயம் கேட்டால், கொடுங்கள், ஆனால் நீங்களே காசு கொடுத்து வாங்கமாட்டீர்கள் என்று தோன்றும் துணியை உடுக்கும் துணியோடு சேர்க்காதீர்கள்.

கேள்வி: வெள்ளம், பூகம்பம் என்றால் உடனே துணி திரட்டி அனுப்புகிறோம். உபயோகமாகிறதா?

கேட்டால் அனுப்புங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு வந்து குவிந்த பழந்துணி யாரும் எடுக்காமல் சாலையோரம் மலைபோலக் கிடந்தது. இந்தியாவின் 'கூஞ்ச்' அமைப்பு அந்தக் குவியலை எடுத்துப் பிரித்து, உடுக்க ஆகாத பருத்தியைப் பெண்களுக்கு மாதவிடாய்த் துணியாகச் செய்து கொடுத்தது. இடிந்து கிடக்கும் ஊரில் லாரியை இறக்கவும் பிரிக்கவும் ஆள் ஏது? முதல் வாரத்தில் பணம்தான் உதவும்.

கேள்வி: லேபிள் கிழிந்துபோன துணி என்ன ரகம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடித்து, கீழே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி குபுக்கென்று பற்றும், எரிந்த காகித வாசனை, ஊதினால் பறக்கும் சாம்பல். கம்பளியும் பட்டும் மெதுவாகத்தான் எரியும், தலைமுடி கருகும் நாற்றம், விரலால் நசுக்கினால் பொடியாகும் கரி. பாலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி ஓடும், உருகிச் சொட்டும், ஆறினால் கடுகு மாதிரி கெட்டியான மணி, நசுங்காது. இரண்டு குணமும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு, அதுதான் இன்று அதிகம்.

கேள்வி: பழைய துணி கொடுத்தால் கடையில் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்கள். வாங்கலாமா?

துணியைக் கொடுங்கள். கூப்பன் எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், காலியான அலமாரியை அவர்கள் கடையிலேயே நிரப்ப.

கேள்வி: கொடுக்கும் முன் பொத்தான், ஜிப் எல்லாம் கழற்றி வைத்துக்கொள்கிறார் என் மாமியார். சரியா?

உடுக்கக்கூடிய சட்டை என்றால் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், பொத்தான் போன சட்டை அந்த மேசையில் ஒரு படி கீழே இறங்கிவிடும். கந்தல்தான் என்றால் தாராளமாகக் கழற்றட்டும், எப்படியும் அங்கே ஒருவர் உட்கார்ந்து அதைத்தான் வெட்டிக்கொண்டிருப்பார்.