ஞாயிறு சாயங்காலம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பரஸ்பர சம்மதத்தில் எங்களுக்கு விவாகரத்து ஆகி ஒரு வருடம் ஆகிறது. எட்டு வயது மகள் என்னோடு இருக்கிறாள். கோர்ட் உத்தரவுப்படி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்து அழைத்துப்போவார். சாயங்காலம் திரும்பி வந்தால் உம்மென்று இருக்கிறாள், சாப்பிட மறுக்கிறாள். அங்கே ஏதோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்கிறார் என் அம்மா. கொஞ்ச நாள் அனுப்பாமல் இருக்கலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நிறுத்தாதீர்கள். அவள் உம்மென்று இருப்பதை மட்டும் வைத்து அங்கே தப்பு நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அப்பாவை விட்டு வந்த வருத்தம் இருக்கும். அதைச் சொன்னால் அம்மா வருத்தப்படுவாளோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். எட்டு வயதில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரியாது, தட்டைத் தள்ளிவைக்கத்தான் தெரியும். வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள், பசித்தால் சாப்பிடுவாள்.

"அங்கே யார் வந்தா, அப்பா என்ன சொன்னார்?" என்ற விசாரணை மட்டும் வேண்டவே வேண்டாம். பாட்டி பாசத்தில்தான் கேட்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி, சொல்லாவிட்டால் அம்மாவை ஏமாற்றிய மாதிரி. ஒரு குழந்தையை இப்படி நிறுத்தக் கூடாது. உங்கள் அம்மாவிடம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். அவளாகச் சொல்ல வந்தால் கேளுங்கள். அப்பா வாங்கித் தந்த கவுன் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஸ்கூல் ஃபீஸ், மருந்து விஷயம் எதையும் அவள் மூலம் சொல்லியனுப்பாதீர்கள். வாட்ஸப்பில் அவருக்கே இரண்டு வரி போதும். பழைய சண்டை அதில் வரக் கூடாது.

குடித்துவிட்டு வண்டியில் கூட்டிப்போகிறார், அடிக்கிறார் என்றால் கதையே வேறு. உடனே வக்கீலைப் பார்த்து, குடும்பநல நீதிமன்றத்தில் உத்தரவை மாற்றக் கேட்டு மனுப்போடுங்கள். குழந்தை சம்பந்தமான உத்தரவு மாற்றக்கூடியதுதான். அப்படி எதுவும் இல்லாமல் நீங்களாக நிறுத்தினால் உத்தரவை மீறியது நீங்கள் என்றாகிவிடும்.

இன்னொன்று. எட்டு வயதுக்கு இரண்டு வாரம் ரொம்ப நீளம். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தகப்பன் இருவருடைய அன்பும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்று சொன்னது. பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஹோம்வொர்க் முடிந்ததும் ஒரு வீடியோ கால் வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் நீங்களே கேளுங்கள். தினமும் பேசிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரிவது அவளுக்கு இவ்வளவு பாரமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா