ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி: கிட்டார் ஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்து முரடாக்கும்) சேனல் இருக்கிறது, பின்புறம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்குகள் இருக்கின்றன; இவற்றுக்கு நடுவே பெடல்களை மாட்டும் வழிதான் எஃபெக்ட்ஸ் லூப். கையில் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), ஈக்யூ (அடி, நடு, உச்ச ஒலிகளை ஏற்றி இறக்குவது), கோரஸ் (ஒலியை லேசாக அலையவைப்பது), டிலே (எதிரொலி), ரிவர்ப் (அறை முழக்கம்) என ஐந்து பெடல்கள். ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

முதலில் நேரடிப் பதில்: நாய்ஸ் கேட், ஈக்யூ, கோரஸ், டிலே, ரிவர்ப். இப்படியே மாட்டி இன்றைக்கே வாசிக்கத் தொடங்கலாம். ஆனால் இதில் எந்த இரண்டை இடம் மாற்றினால் சத்தம் மாறும், எந்த இரண்டை மாற்றினால் மாறாது என்று தெரிந்துவிட்டால் அடுத்த பெடல் வாங்கும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம்ப்பின் முதல் பகுதியான பிரீஆம்ப் வேலையை முடித்த சிக்னல் சென்ட் வழியாக வெளியே வருகிறது. ரிட்டர்ன் வழியாக, ஸ்பீக்கரை இயக்கும் கடைசிப் பகுதியான பவர் ஆம்ப்புக்குள் போகிறது. உங்கள் டிஸ்டார்ஷன் பிரீஆம்ப்பில் உண்டாவதால், லூப்பில் மாட்டுகிற எல்லாமே டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வருகின்றன. லூப் இருப்பதே இதற்காகத்தான்.

இதைக் காதால் கேட்டுவிடுங்கள். டிலேவை ஆம்ப்பின் இன்புட்டுக்கு முன்னால் வைத்து, நேரத்தை 400 மில்லிசெகண்டில் நிறுத்தி, கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழை) நன்றாக ஏற்றுங்கள். ஆறாவது கம்பியைத் திறந்தபடி ஈ அடித்து, எதிரொலி வருவதற்குச் சற்று முன் அதே கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி அடியுங்கள். ஈ என்பது சுமார் 82 ஹெர்ட்ஸ், ஜி 98. பழைய ஈயின் எதிரொலியும் புதிய ஜியும் கைகோத்து டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது 180, 16 என்று நீங்கள் வாசிக்காத அதிர்வுகளும் பிறக்கின்றன. அடியில் ஓர் உறுமல் கேட்கும். அதோடு டிஸ்டார்ஷன் பெரியதை அமுக்கிச் சின்னதைத் தூக்கிவிடும் என்பதால், தேய்ந்து போக வேண்டிய எதிரொலி அசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இப்போது டிலேவை லூப்புக்கு மாற்றி அதே இரண்டு ஸ்வரங்களை அடியுங்கள். எதிரொலி தனியாக, பின்னால், தேய்ந்தபடி போகும்.

மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. டிஸ்டார்ஷன், கம்ப்ரஸர், நாய்ஸ் கேட் மூன்றும் உள்ளே வரும் சிக்னல் சின்னதா பெரியதா என்று பார்த்து நடந்துகொள்பவை. இவற்றுக்கு முன்னால் ஒன்றை வைப்பதும் பின்னால் வைப்பதும் வேறு வேறு. சுத்தமான டிலே, ரிவர்ப், ஈக்யூ அப்படியில்லை. எவ்வளவு வந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்பவை. எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு லீனியர் டைம் இன்வேரியன்ட் என்ற பாடம் நினைவிருக்கும். அந்த வகையில் சேர்ந்த இரண்டைத் தொடராக மாட்டினால் எது முன்னால் இருந்தாலும் கடைசியில் வருவது ஒன்றேதான். இரண்டு எண்களை எந்தப் பக்கமிருந்து பெருக்கினாலும் விடை ஒன்றாக வருவது போல.

அதனால் டிலே முதலா ரிவர்ப் முதலா என்ற பெரிய சண்டை, மோனோ லூப்பில் சுத்தமான டிஜிட்டல் பெடல்கள் இரண்டுக்கு நடுவே பெரும்பாலும் தேவையற்றது. நான் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு லூப்பரை (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பெடலை) வைத்து நாலு பார் பதிந்து ஓடவிட்டு, பின்னால் வரிசையை மாற்றி மாற்றிப் பதிவு செய்தேன். கையால் வாசித்தால் ஒவ்வொரு தடவையும் அடி மாறும். லூப்பர் இருந்தால் வாசிப்பு மாறாது, மாறுவது வரிசை மட்டுமே. கேட்டுப் பார்த்ததில் எது எந்த வரிசை என்று பிரிக்க முடியவில்லை. நீங்களும் செய்து பாருங்கள். டேப் எக்கோ போலச் சூடேறிச் சிதைகிற டிலே, உள்ளேயே அலைவு சேர்க்கிற ரிவர்ப் என்றால் வித்தியாசம் தெரியும். ஸ்டீரியோ ரிவர்ப்பை மோனோ இன்புட் உள்ள டிலேவுக்கு முன்னால் வைத்தால் அகலம் போய்விடும். ரிவர்ப்பைக் கடைசியில் வைக்கும் வழக்கத்துக்கு உறுதியான காரணமாக எனக்குப் படுவது இந்த ஸ்டீரியோ விஷயம்தான்.

நாய்ஸ் கேட்டின் இடம்தான் உண்மையில் முக்கியம். அது டிலேவுக்கும் ரிவர்ப்புக்கும் பின்னால் போனால், எதிரொலி தேய்ந்து ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கத்தரித்துவிடும். பாட்டின் கடைசி கார்டு பாதியில் அறுந்து நிற்கும், கேட்பதற்கே வலிக்கும். லூப்பில் முதல் இடம் கொடுங்கள். உங்கள் நாய்ஸ் கேட், பாஸ் நிறுவனத்தின் என்எஸ்-2 போலத் தனக்கென்று சென்ட், ரிட்டர்ன் வைத்திருந்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கிட்டாரை கேட்டின் இன்புட்டில் செருகுங்கள். கேட்டின் சென்ட்டிலிருந்து ஆம்ப்பின் இன்புட்டுக்கு. ஆம்ப்பின் சென்ட்டிலிருந்து கேட்டின் ரிட்டர்னுக்கு. கேட்டின் அவுட்புட்டிலிருந்து மற்ற நான்கு பெடல்கள், அப்புறம் ஆம்ப்பின் ரிட்டர்ன். இப்படிச் செய்தால் நாய்ஸ் கேட், இரைச்சல் கலக்காத கிட்டார் சிக்னலைப் பார்த்து முடிவெடுத்து, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் கதவைச் சாத்துகிறது. மெதுவாகத் தேயும் ஸ்வரத்தையும் அவசரப்பட்டு வெட்டாது.

ஈக்யூவை நீங்கள் சோலோவுக்குச் சத்தம் ஏற்றத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் கெயின்தான் ஏறும். லூப்பில் வைத்தால் சத்தம் ஏறும், இது சரி. டிலேவுக்கு முன்னாலா பின்னாலா என்றால், மிதிக்கும் அந்த நொடியைக் கவனியுங்கள். பின்னால் இருந்தால், ரிதம் வாசித்ததன் எதிரொலியும் சட்டென்று எகிறும். முன்னால் இருந்தால் பழைய எதிரொலி தன் அளவில் தேய, புதிய சோலோ மட்டும் மேலே எழும். எனக்கு இதுதான் பிடிக்கும். வால்யூம் பெடலுக்கும் இதே கதை: டிலேவுக்கு முன் வைத்தால் ஸ்வரத்தை வயலின் போல எழுப்பலாம், மூடினாலும் எதிரொலி தொடரும். பின் வைத்தால் எல்லாம் ஒன்றாக மூடிவிடும். லூப்புக்கு 250 கிலோ ஓம் மின்தடை கொண்ட வால்யூம் பெடலைவிட 25 கிலோ ஓம் வகைதான் பொருத்தம்.

கோரஸ் நேரத்தோடு அலைவது. அது டிலேவுக்கு முன்னால் இருந்தால் ஒவ்வொரு எதிரொலியும் அசலின் அலைவை நகலெடுத்துக்கொண்டு வரும். பின்னால் இருந்தால் ஒவ்வொன்றும் அலைவின் வேறொரு இடத்தில் மாட்டும், சத்தம் கரைந்தது போல ஆகும். ஒலியின் நிறத்தை மெதுவாகச் சுழலவைக்கும் ஃபேஸர் என்ற பெடலில் இது இன்னும் துலக்கம். ஆனால் ஃபேஸரை நான் லூப்பில் வைப்பதில்லை. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தன் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 ஃபேஸரைப் பழைய மார்ஷல் ஆம்ப்புக்கு முன்னால்தான் வைத்தார். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கும்போது சுழற்சி ஸ்வரத்துக்குள் இழைந்துவிடுகிறது. பின்னால் வைத்தால் விமானம் கடந்துபோவது போல எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. அந்த மார்ஷலில் லூப்பும் கிடையாது. இருந்திருந்தாலும் டிலேவுக்குப் பெரிதாக உதவியிருக்காது, ஏனென்றால் அந்த வகை ஆம்ப்பை முழுசாகத் திருகும்போது பவர் ஆம்ப்பும் சேர்ந்து சிதைகிறது, அது லூப்புக்கும் பின்னால் இருக்கிறது. நீங்களும் மாஸ்டர் வால்யூமை அந்த அளவுக்கு ஏற்றி வாசிப்பவர் என்றால் வரிசையைவிட டிலேவின் அளவைக் குறைப்பதுதான் பலன் தரும்.

இன்னொன்று, என் அனுபவத்தில் வரிசையைவிட அதிகம் படுத்தியது. என் டிலே லூப்பில் மட்டும் கரகரத்தது, ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் மணல் அரைபட்டது போல. வாரக்கணக்கில் வரிசையை மாற்றிக்கொண்டே இருந்தேன். காரணம் லெவல், அதாவது சிக்னலின் அளவு. ஸ்டுடியோ கருவிகளுக்கான லைன் லெவல் +4 டிபியு (சிக்னல் அளவின் அலகு), அதாவது சுமார் 1.23 வோல்ட். பெடல்கள் எதிர்பார்ப்பதோ மைனஸ் 20 டிபியு ஒட்டியது, சுமார் 0.08 வோல்ட். பதினாறு மடங்கு வித்தியாசம். என் ஆம்ப்பின் லூப் லைன் லெவலில் இருந்தது, அந்த டிலேவால் அதைத் தாங்க முடியவில்லை. பின்புறம் இருந்த குட்டி லெவல் சுவிட்சைக் கீழே தள்ளியதும் கரகரப்பு நின்றது. உங்கள் ஆம்ப்பிலும் +4, -10 என்றோ, சென்ட் லெவல் என்றோ ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

லூப் மிக்ஸ் என்று ஒரு குமிழ் இருந்தால் அது பேரலல் லூப். அதில் அசல் சிக்னல் ஆம்ப்புக்குள் தனியாகவும் ஓடும், அதனால் நாய்ஸ் கேட், ஈக்யூ இரண்டும் பாதி வேலைதான் செய்யும். டிஜிட்டல் பெடல் அசலையும் சேர்த்து ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகத் திருப்பி அனுப்பினால் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழுந்து சத்தம் உள்ளே வெற்றாகிப் போகும். குமிழை முழுசாக 100-க்குத் திருகுங்கள். அல்லது டிலேயிலும் ரிவர்ப்பிலும் டிரை சிக்னலை (எஃபெக்ட் சேராத அசலை) அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, பெடல்களைக் கழற்றியபின் ஆம்ப்பின் சத்தம் திடீரென்று குறைந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ பயப்படாதீர்கள். சென்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே ஒரு பேட்ச் கேபிளைச் செருகிப் பாருங்கள். சத்தம் திரும்பினால் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் தொடுப்பில் அழுக்கு. ஆம்ப்பை அணைத்துவிட்டு, பிளக்கில் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். வால்வ் ஆம்ப் என்றால் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.