மைத்துனருக்கு விண்வெளி இருக்கை வேண்டுமா?

கேள்வி: என் மைத்துனர் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். விண்வெளிக்குப் போய்வர ஓர் இருக்கைக்கு முன்பணம் கட்டப்போகிறாராம். "என் காசு, என் உயிர். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார். என் மகளோ அதைப் பெரும் பாவம் போலப் பேசுகிறாள். வீட்டில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி?

பதில்: எந்த இருக்கைக்கு முன்பணம் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். 'விண்வெளிப் பயணம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன.

ஒன்று, நேராக மேலே போய் உடனே கீழே வருவது. ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் வாகனம் சுமார் 105 கி.மீ. உயரம் தொட்டுத் திரும்ப 10, 11 நிமிடம்தான் ஆகும். அதில் எடையின்றி மிதப்பது மூன்று, நான்கு நிமிடம். இன்னொன்று, பூமியைச் சுற்றிவருவது. அதற்கு மணிக்கு 28,000 கி.மீ. வேகம் வேண்டும். ஒரு கிலோவை 100 கி.மீ. உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய ஒரு மெகாஜூல் ஆற்றல் போதும். சுற்றுப்பாதையில் நிறுத்த முப்பதுக்கும் மேல் தேவை. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வருவது இதனால்தான். முதல் வகைக்கு 2021இல் விர்ஜின் கலாக்டிக் நிறுவனம் கேட்ட கட்டணம் 4.5 லட்சம் டாலர். இரண்டாவது வகையில், 2022இல் ஆக்ஸியம் நிறுவனத்தின் பயணிகள் பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையம் போய்வர ஆளுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி.

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு விடை ராக்கெட்டின் புகையில் இருக்கிறது. விமானங்கள் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் விடும் கரித்துகள் மழையோடும் காற்றோடும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் இறங்கிவிடும். ராக்கெட் அதற்கும் மேலே, ஓசோன் இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில் புகையை விட்டுச் செல்கிறது. அங்கே மழை கிடையாது. துகள்கள் ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கேம்பிரிட்ஜ், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, ராக்கெட் விடும் கரித்துகள் அதே எடையுள்ள மற்ற கரித்துகளைப்போல் சுமார் 500 மடங்கு சூடாக்கும் திறன் கொண்டது.

எரிபொருளுக்கு எரிபொருள் இது மாறும். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதான், கரி இல்லை. ஆனால் அந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் எடுக்கிறார்கள், அந்தக் கணக்கு தரையிலேயே தொடங்கிவிடுகிறது. மண்ணெண்ணெய் கணிசமாகக் கரி தரும். ரப்பர் போன்ற திட எரிபொருளை நைட்ரஸ் ஆக்ஸைடோடு எரிக்கும் என்ஜின் இன்னும் மோசம். சில நிமிட மிதப்புக்கு இதைப் போய் எரிப்பது எங்களுக்கு உவப்பில்லை.

ஆனாலும் உங்கள் மகள் சொல்வது கொஞ்சம் மிகை. இன்று ஏவப்படும் ராக்கெட்டுகளில் பெரும்பாலானவை செயற்கைக்கோள்களுக்காகப் போகின்றன. சுற்றுலாவின் பங்கு சிறியது. தினசரி சேவையாக மாறினால்தான் நிலைமை தலைகீழாகும். மகள் தடை கேட்பதைவிட, மேலே விடும் ஒவ்வொரு கிலோ கரிக்கும் கட்டணம் கேட்கலாம். சுத்தமான என்ஜினைத் தேட நிறுவனங்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

"என் உயிர்" என்பதும் அரைகுறைதான். அமெரிக்காவில் 2004 சட்டப்படி, இந்த வாகனம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லும், பயணி கையெழுத்திடுவார். அவர் தலையெழுத்து அத்தோடு அவர் கையில். வேறு நாட்டில் தரையில் இருப்பவர்மேல் எதாவது விழுந்தால்? 1972 சர்வதேச உடன்படிக்கைப்படி ஏவிய நாடே பொறுப்பு. அதாவது நிறுவனத்தின் காப்பீடு போதாவிட்டால் கடைசியில் வரி கட்டுபவர்கள். ஏவும் நேரத்தில் வான்வழியை மூடுவதால் சுற்றிப்போகும் விமானங்களின் எரிபொருள் செலவும் டிக்கெட்டில் சேராது.

"இவர்கள் காசு கொடுப்பதால்தான் நாளை எல்லோருக்கும் மலிவாகும்" என்று மைத்துனர் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். 2001இல் முதல் சுற்றுலாப் பயணி டென்னிஸ் டிட்டோ கொடுத்தது சுமார் 2 கோடி டாலர். இருபது ஆண்டு கழித்து விலை இரட்டிப்புக்கும் மேல். ராக்கெட்டைத் திரும்பத் தரையிறக்கும் நுட்பமும் பெரும்பாலும் செயற்கைக்கோள், சரக்கு வியாபாரத்தில் வளர்ந்ததுதான். நியாயமாகச் சொன்னால், 2021இல் இன்ஸ்பிரேஷன்4 என்ற தனியார் விண்வெளிப் பயணத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு 20 கோடி டாலருக்கு மேல் திரண்டது. ராக்கெட் ஏறாமலும் கொடுத்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

எங்கள் யோசனை: மூன்று நிமிட மிதப்புக்கு என்றால், ரப்பர் எரிக்கும் வாகனத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். சுற்றுப்பாதைக்குப் போகும் வசதியும், மாதக்கணக்கில் பயிற்சிக்கு ஒதுக்க நேரமும், அங்கே செய்ய உருப்படியான வேலையும் இருந்தால் போகட்டும். ஆனால் நிலையத்தில் உள்ள வீரர்களின் நேரத்தைத் தின்றால் அதற்கும் முழுக் காசு அவரே தரவேண்டும்.

கையெழுத்திடும் முன் சில விசாரணைகள். ஏறும் வழி முழுக்கத் தப்பிக்கும் ஏற்பாடு உண்டா? 2022இல் ஆளில்லாமல் போன நியூ ஷெப்பர்டின் என்ஜின் நடுவானில் கெட்டபோது, கலத்தைப் பிரித்துக் காப்பாற்றியது அதுதான். 2014இல் விர்ஜின் கலாக்டிக்குக்காகச் செய்த ஸ்பேஸ்ஷிப் டூ வாகனத்தின் சோதனையில், வால்பகுதியை மடக்கும் அமைப்பின் பூட்டைத் துணை விமானி சற்று முன்பே திறந்ததால் வாகனம் உடைந்து அவர் இறந்தார். ஒரே ஒரு மனிதத் தவறு இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று வடிவமைப்பில் யோசிக்கவில்லை என்றது விசாரணை. அதனால், ஒரு தவறைத் தாங்குமா என்று கேட்கட்டும்.

மருத்துவர் தகுதியில்லை என்றால் பணம் திரும்புமா? 2006இல் ஜப்பானியர் ஒருவர் புறப்பட ஒரு மாதம்கூட இல்லாதபோது உடல்நலக் காரணத்தால் நீக்கப்பட்டு, பணத்துக்காக நீதிமன்றம் ஏறினார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் இந்தப் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அவருடைய மனைவி ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.