சிங்கம் வைக்கோல் தின்னும் ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், கையால் வரைந்த நகல் என்று சொல்லி ஓர் ஓவியத்தை அனுப்பியிருக்கிறான். சிங்கமும் சிறுத்தையும் ஓநாயும் ஆட்டுக்குட்டியோடு படுத்திருக்கின்றன. அது ஏசாயா 11ஆம் அதிகாரம் என்பது புரிகிறது. ஆனால் இடப்பக்கம், தொலைவில் ஆற்றங்கரையில் கூடி நிற்பவர்கள் யார்? வேதாகமத்தில் அப்படி எவரும் இல்லையே?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கள் வீட்டுக்கு வந்திருப்பது எட்வர்ட் ஹிக்ஸ் (1780–1849) வரைந்த ‘சமாதான ராஜ்யம்’ ஓவியத்தின் நகல். பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் பிறந்த ஹிக்ஸ், சிறு வயதிலேயே தாயை இழந்து, குவேக்கர் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் கோச்சு வண்டிப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து, பின்னாளில் வண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் வண்ணம் தீட்டிப் பிழைத்தார். ஏசாயாவின் இந்தக் காட்சியை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரைந்தார். இன்று அறியப்பட்டவை மட்டும் 62.

ஆற்றங்கரையில் நிற்பவர்கள் வில்லியம் பென்னும் அவருடைய தோழர்களும் லெனாபே பழங்குடியினரும் ஆவர். குவேக்கரான பென், 1681இல் இங்கிலாந்து மன்னரிடம் பென்சில்வேனியா நிலப்பகுதிக்கான உரிமைப் பட்டயத்தைப் பெற்றார். மன்னரின் பட்டயம் கையில் இருந்தும், அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்குவதே நியாயம் என்று அவர் கருதினார். 1682இல் டெலவேர் ஆற்றங்கரையில், ஷாக்கமாக்ஸன் என்னும் இடத்தில், ஒரு எல்ம் மரத்தடியில் ஆயுதமின்றி நின்று உடன்படிக்கை செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் வரைந்து அச்சுப் படமாகப் பரவியிருந்த காட்சியைத்தான் ஹிக்ஸ் சிறிதாக்கி இந்த மூலையில் வைத்தார். தீர்க்கதரிசி சொன்ன சமாதானம் என்றோ மறுமையில் வரப்போவதன்று, தன் சொந்த மண்ணில் ஒரு முறை நடந்து காட்டப்பட்டது என்று சொல்வதே அவர் நோக்கம். (பென் மறைந்தபின் 1737இல் அவருடைய மகன்கள், ஒன்றரை நாளில் ஒருவன் நடக்கும் தூரம் வரையுள்ள நிலம் தங்களுக்கு என்ற பழைய பேச்சைப் பிடித்துக்கொண்டு, வேகமாக ஓடக்கூடியவர்களைக் கூலிக்கு அமர்த்தி லெனாபேக்களின் நிலத்தைப் பெருமளவு பறித்துக்கொண்டார்கள். அந்தக் காட்சிக்கு ஹிக்ஸின் ஓவியத்தில் இடமில்லை.)

கேள்வி: குவேக்கர்கள் படம், பாட்டு, பகட்டு எதையும் விரும்பாதவர்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர் ஓவியரானது எப்படி?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: அவர் ஓவியர் மட்டுமல்லர், அந்தச் சபையில் ஊழியராக அங்கீகரிக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தவரும்கூட. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தெய்வ ஒளி உண்டு என்றும், அதைக் கேட்க மௌனமே போதும் என்றும் நம்பிய அந்தச் சபையாருக்கு, பொன் பூசிய பலகைகளும் பூ வரைந்த வண்டிகளும் வீண் ஆடம்பரமாகத்தான் பட்டன. ஹிக்ஸுக்கும் அந்த உறுத்தல் இருந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விவசாயத்தில் இறங்கினார், அதில் கடன்தான் மிஞ்சியது. வேறு வழியின்றித் தொழிலுக்குத் திரும்பியவர், வேதவசனத்தை வரைவதைத் தனக்கு ஓர் ஆறுதலாக ஆக்கிக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: நான் விளம்பரப் பலகை எழுதுகிறவன். பள்ளிக்கூடம் ஒன்றுக்காக இந்த ஓவியத்தைப் பெரிதாக நகலெடுத்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். மூலத்தில் மிருகங்களின் கண்கள் மிரண்டுபோய் இருக்கின்றன. பிள்ளைகள் பார்க்கும் படம் என்பதால் சிரித்த முகமாக மாற்றிவிடலாமா? நகலெடுப்பதில் சட்டச் சிக்கல் உண்டா?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: தயவுசெய்து மாற்ற வேண்டாம். சந்தையில் விற்கும் நகல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். சிங்கத்தைச் செல்லப் பூனையாக்கிவிட்டால் ஓவியத்தில் பொருளே இல்லை. சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரைச் சேர்ந்த தங்களுக்கு வாதம், பித்தம், கபம் பற்றி விளக்க வேண்டியதில்லை. பழைய ஐரோப்பிய மருத்துவம் அவ்வாறே உடலில் நான்கு நீர்களையும் அவற்றுக்கேற்ற நான்கு மனப்போக்குகளையும் வகுத்திருந்தது. 1837இல் வர்ஜீனியாவில் செய்த பிரசங்கம் ஒன்றில், ஓநாயைச் சோர்ந்த மனத்துக்கும், சிறுத்தையைக் களியாட்ட மனத்துக்கும், கரடியை மந்த புத்திக்கும், சிங்கத்தைச் சினத்துக்கும் அடையாளமாக ஹிக்ஸ் விளக்கினார். ஆகவே அந்தக் கண்களில் தெரிவது, சுயசித்தத்தை அடக்கப் பாடுபடும் மனிதனின் தவிப்பு. 1827இல் குவேக்கர் சபையே இரண்டாகப் பிளந்தபோது, ஒரு தரப்புக்குத் தலைமையாகக் கருதப்பட்டவர் அவருடைய உறவினரான எலியாஸ் ஹிக்ஸ்; சமாதானம் போதித்தவர்களே சண்டையிட்டதைக் கண்ட வேதனை இந்த ஓவியங்களில் ஏறியிருக்கிறது. பிற்காலப் படங்களில் சிங்கத்துக்கு மீசை நரைத்து, களைப்புத் தட்டியிருப்பதைக் காணலாம்.

நகலெடுப்பதில் கூச்சம் வேண்டாம். ஹிக்ஸே அச்சுப் படங்களைப் பார்த்து வரைந்தவர்தாம். குழந்தையும் சிங்கமும் ரிச்சர்ட் வெஸ்டால் என்னும் ஆங்கில ஓவியரின் அமைப்பைத் தழுவியவை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை உண்டு. இவர் இறந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் தன்னிடமுள்ள, 1834ஐ ஒட்டி வரையப்பட்ட ஓவியத்தின் தெளிவான படத்தை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. தங்கள் தொழிலே அவருடைய தொழிலும் என்பதால் கோட்டுருவத்தை அழுத்தமாக நிறுத்துவதும், வண்ணத்தைத் தட்டையாக நிரப்புவதும் தங்களுக்குக் கைவந்தவையாகவே இருக்கும். நிழலை மிகவும் குழைத்துவிட வேண்டாம். ஹிக்ஸ் சில ஓவியங்களின் விளிம்பைச் சுற்றி வசனத்தை எழுத்தாகவே தீட்டியிருக்கிறார்; தங்கள் நகலில் அதைத் தமிழில் எழுதலாம். கீழ் மூலையில் ஹிக்ஸின் பெயரையும், நகலெடுத்தவர் என்று தங்கள் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.